நத்தார் தொடங்குவது எப்போது? திருகோணமலையில் ஒரு பண்டிகையும் இரண்டு நாட்காட்டிகளும்

டிசம்பர் பிறந்த சில நாட்களிலேயே திருகோணமலைப் பாடசாலைகளில் ஒளி விழா நடந்து முடிந்துவிடும். நத்தார் (கிறிஸ்மஸ்) பாப்பா மேடையில் ஆடி, இனிப்பை அள்ளி எறிந்து, முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் இரண்டொருவரை அழவைத்தும் விடுவார். அந்த வாரமே ஞாயிறு பூசைக்குப் போகிறவர் காண்பது வேறொரு காட்சி. குருவானவரின் மேலாடை ஊதா நிறம். பீடத்தில் பூ அதிகமில்லை. வழக்கமாகப் பாடும் வானவர் கீதம் இல்லை. குடில் கட்டியாயிற்று என்றாலும் அதன் நடுவில் குழந்தை இல்லை. பிறகு 26ஆம் திகதி கடைக்காரர் நட்சத்திரங்களை இறக்கிப் பெட்டியில் அடுக்கும்போது, ஆலயத்தில் நத்தார்ப் பாடல்கள் தொடர்ந்து ஒலிக்கின்றன, ஜனவரி வரைக்கும்.

ஆண்டுதோறும் கேட்கப்படும் கேள்விகள் இங்கிருந்துதான் பிறக்கின்றன. 24 இரவு பூசைக்குப் போனவர் 25 காலையும் போக வேண்டுமா? இரவு பத்து மணிக்கு வைப்பது எப்படி நள்ளிரவுப் பூசை ஆகும்? அடுத்த தெருச் சபையார் குடில் வைப்பதில்லையே, அவர்களும் கிறிஸ்தவர்கள்தாமே? ஒளி விழாதான் நத்தாரா? எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்: கடைத்தெருவின் நாட்காட்டியில் டிசம்பர் 25 கடைசி நாள், ஆலயத்தின் நாட்காட்டியில் அது முதல் நாள்.

## முதலில் பெயர்கள்

குழப்பத்தில் பாதி சொற்களில் இருக்கிறது. இலங்கைத் தமிழில் இந்தப் பண்டிகையைச் சுற்றி நான்கு பெயர்கள் புழங்குகின்றன.

1. நத்தார். போர்த்துக்கேய மொழியின் ‘நத்தால்’ தமிழில் இப்படித் திரிந்தது. பிறப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதன் வேர். சிங்களத்தில் ‘நத்தல’. பாண், குசினி, சப்பாத்து, லேஞ்சி, அலுமாரி எல்லாம் வந்திறங்கிய அதே கப்பலில் வந்த சொல் இது. தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்காமல் புரியாது. 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்கு எடுத்தவர்களும் இதே போர்த்துக்கேயர்தாம். ஆட்சி போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. இன்று சைவ வீட்டாரும் ‘நத்தார் விடுமுறை’ என்றுதான் சொல்கிறார்கள்.

2. கிறிஸ்மஸ். பழைய ஆங்கிலத்தில் ‘கிறிஸ்துவின் பூசை’ என்று பொருள். பூசை என்ற சொல்லே பெயருக்குள் ஒளிந்திருக்கிறது என்பதால், பூசையே இல்லாத சபையாரும் இந்தப் பெயரைச் சொல்லி வாழ்த்துவது ஒரு சின்ன வேடிக்கை. ‘எக்ஸ்மஸ்’ என்று எழுதுவது கிறிஸ்துவை வெட்டிவிடும் செயல் என்று சிலர் வருந்துவதுண்டு. அது தேவையில்லை. கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் எழுத்து பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். பழங்காலக் கிறிஸ்தவர்களே அதைச் சுருக்கமாகப் பயன்படுத்தினர்.

3. பாலன் பிறப்பு. கத்தோலிக்கரின் வீட்டுப் பெயர். ‘பாலன்’ என்றால் குழந்தை இயேசு.

4. ஒளி விழா. இதுதான் அதிகம் குழப்புவது. நத்தாரை ஒட்டிப் பாடசாலைகளும் அலுவலகங்களும் நடத்தும் மேடை நிகழ்ச்சிக்கு இந்தப் பெயர். மூன்றாம் தவணை வழக்கமாக டிசம்பர் முற்பகுதியில் முடிந்துவிடும்; அதன்பின் பிள்ளைகளைக் கூட்ட முடியாது. ஆகவே விழா முன்னால் தள்ளப்பட்டது. கொரோனாவுக்குப் பிறகு தவணைக் கணக்குகள் இடம் மாறியபோதும் பழக்கம் மாறவில்லை. பல மதப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் இடத்தில், ‘ஒளி’ என்ற பொதுச்சொல் யாரையும் வெளியே நிறுத்தாது என்ற வசதியும் அந்தப் பெயருக்கு உண்டு.

மாதப் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் டிசம்பரை ‘மார்கழி’ என்றே சொல்வார்கள். பழைய அழைப்பிதழ்களில் ‘மார்கழி 25’ என்று இருந்தால் அது டிசம்பர் 25. பஞ்சாங்க மார்கழியோ டிசம்பர் நடுவில்தான் பிறக்கிறது. அந்தக் கணக்கில் நத்தார் வருவது மார்கழி 9 அல்லது 10இல். இரண்டு மார்கழிகளையும் ஒன்றென்று எண்ணிப் பழைய கடிதங்களின் திகதியைத் தவறாகக் கணித்தவர்கள் உண்டு.

## ஏன் டிசம்பர் 25?

இயேசு பிறந்த நாள் எதுவென்று வேதாகமம் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்பதற்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று ரோமாபுரியில் 354இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்குறிப்பு. அதிலுள்ள செய்தி 336ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அந்த நாளைத் தெரிந்தெடுத்தது ஏன் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன.

முதலாவது, சூரிய விழா விளக்கம். ரோமரின் பழைய கணக்கில் டிசம்பர் 25 பகல் நீளத் தொடங்கும் நாள். 274இல் அவுரேலியன் என்ற பேரரசர் வெல்லமுடியாத சூரியனுக்குக் கோயில் எடுத்தார். சூரியனின் நாளை எடுத்துக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது இந்தக் கட்சி.

இரண்டாவது, ஒன்பது மாதக் கணக்கு. இயேசு கருவான நாளும் இறந்த நாளும் ஒன்றே, அது மார்ச் 25 என்று பழங்காலத்தில் சிலர் நம்பினர். அதோடு ஒன்பது மாதத்தைக் கூட்டினால் டிசம்பர் 25.

சமூக வலைத்தளங்களில் முதல் விளக்கம் முடிந்த முடிவாக உலவுகிறது; அது அத்தனை உறுதியானதல்ல. இரண்டும் கலந்தே வேலை செய்திருக்கக்கூடும். ‘இருளில் ஒளி’ என்ற பேச்சு மட்டும் குளிர்நாட்டிலிருந்து வந்தது என்பது தெளிவு. திருகோணமலையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். இங்கே டிசம்பர் இருட்டுக்குக் காரணம் மழைமேகம்தான்.

## இரண்டு நாட்காட்டிகளும் எப்படி ஓடுகின்றன

ஆலய நாட்காட்டியைப் படிப்படியாகப் பார்த்தால் மற்றக் கேள்விகள் தாமே அவிழும்.

1. திருவருகைக் காலம். டிசம்பர் 25க்கு முந்திய நான்கு ஞாயிறுகள் கொண்டது. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடைப்பட்ட ஒரு ஞாயிறில் தொடங்கும். இது எதிர்பார்ப்பின் காலம், கொண்டாட்டத்தின் காலம் இன்னும் வரவில்லை. ஊதா நிறமும் வானவர் கீதத்தை நிறுத்திவைப்பதும் அதனால்தான். பச்சை வளையத்தில் நான்கு மெழுகுதிரிகள். வாரத்துக்கு ஒன்று கூடுதலாக ஏற்றப்படும். மூன்றாவது மட்டும் இளஞ்சிவப்பு: பாதி வழி கடந்துவிட்டோம், மகிழுங்கள் என்பதற்கான அடையாளம்.

2. திருவிழிப்பு. யூதர்களின் கணக்கில் நாள் மாலையில் பிறந்து மறுமாலையில் முடிகிறது. பெருவிழாக்களுக்குத் திருச்சபை இந்தக் கணக்கை வைத்துக்கொண்டது. ஆகவே 24 மாலையே நத்தார் பிறந்துவிடுகிறது. 24 இரவு பூசை கண்டவருக்கு 25 காலைக் கடமை தீர்ந்தது. மறுபடி போவது அவரவர் விருப்பம். 2023இல் இது ஒரு பொல்லாத கணக்காயிற்று. டிசம்பர் 24 ஞாயிறாக வந்ததால் காலையில் திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு, அன்று மாலையே நத்தார். ஞாயிறுக் கடமையும் நத்தார்க் கடமையும் வெவ்வேறு என்பதால் ஒரு பூசையை இரண்டுக்கும் சேர்த்து எண்ண முடியாது.

3. நத்தார்க் காலம். 25இல் தொடங்கி, மூன்று இராசாக்கள் திருநாளைக் கடந்து, ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாளோடு முடிகிறது. மூன்று இராசாக்களின் மரபுத் திகதி ஜனவரி 6. பல நாடுகளில் அதை அருகிலுள்ள ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடுகிறார்கள்.

கடைத்தெருவின் நாட்காட்டி இதற்கு நேர் எதிர். நவம்பர் கடைசியில் தொடங்கி, 24 இரவு உச்சத்தைத் தொட்டு, 26இல் தள்ளுபடி விலையோடு முடிகிறது. கரோல் குழுக்கள் திருவருகைக் காலத்திலேயே வீடு வீடாகப் பாடிப்போவது இந்த இரண்டாவது நாட்காட்டியோடு செய்துகொண்ட சமரசம். சில பழைய குருமார் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆனால் 25க்குப் பிறகு பாட வந்தால் எந்த வீட்டில் கேக் மிஞ்சியிருக்கும்?

## 24 இரவு

இந்தப் பண்டிகையின் நடுநாடி இதுதான். புனித மரியாள் பேராலயமாக இருக்கட்டும், ஓலைத்தட்டி மறைத்த சிற்றாலயமாக இருக்கட்டும், கட்டமைப்பு ஒன்றே.

பூசைக்கு முக்கால் மணி நேரம் முன்னரே பாடகர் குழு கரோல் கீதங்களைத் தொடங்கிவிடும். மழையென்றால் வாசலில் குடைகள் குவிந்து, சொட்டும் நீர் வரிசையான செருப்புகளுக்குள் இறங்கும். புதுச்சேலையின் கரையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி பெண்கள் படியேறுவார்கள். பல ஆலயங்களில் தொடக்கத்தில் விளக்குகளைத் தணித்து, உலகப் படைப்பிலிருந்து பெத்லகேம் வரை காலத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் பிறப்பு அறிவிப்பைப் பாடுவது வழக்கம். பிறகு குருவானவர் வானவர் கீதத்தின் முதலடியை எடுக்கிறார். நான்கு வாரம் வாய்மூடியிருந்த பாட்டு. அந்த நொடியில் கோபுர மணியும் பீடச் சிறுவர்களின் கைமணிகளும் ஒன்றாக முழங்குகின்றன, திரை விலகுகிறது, விளக்குகள் எரிகின்றன, வெளியே யாரோ சீனவெடிச் சரத்துக்குத் தீ வைக்கிறார்கள். குழந்தையின் சுரூபம் குடிலுக்கு எடுத்துச் செல்லப்படுகிறது. திருவருகைக் காலத்தில் அந்தப் பாட்டை நிறுத்தாமல் விட்டிருந்தால் இந்த நொடிக்கு இத்தனை வலு இருந்திராது. வழிபாட்டை ஒழுங்கமைத்தவர்கள் மனித மனம் தெரிந்தவர்கள். பூசை முடிந்ததும் வரிசையில் நின்று பாலனை முத்தி செய்து, அதாவது முத்தமிட்டு வணங்கிவிட்டுத்தான் சனம் கலையும்.

நேரம் பற்றிய கேள்விக்கு வருவோம். மரபுப்படி நத்தாருக்கு நள்ளிரவு, விடியல், பகல் என மூன்று பூசைகள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசகங்கள். நள்ளிரவில் லூக்கா எழுதிய பிறப்புக் கதை, விடியலில் இடையர்கள் வந்து கண்ட பகுதி, பகலில் யோவானின் ‘ஆதியில் வாக்கு இருந்தது’. ‘நள்ளிரவுப் பூசை’ என்பது இந்த முதற்பூசையின் பெயர். மணிக்கூட்டில் பன்னிரண்டு அடித்தாக வேண்டும் என்பதில்லை. வத்திக்கானிலேயே 2009இல் அப்போதைய பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அதை இரவு பத்து மணிக்கு முன்தள்ளினார்.

கிழக்கில் நேரமாற்றத்துக்கு வேறு நினைவுகளும் உண்டு. போர்க்காலத்தில் இரவு நடமாட்டமே ஆபத்தாக இருந்தது. 2005 நத்தார்ப் பூசையின்போது மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில் குண்டு வெடித்த இடங்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று. நத்தார் இரவில் ஆலய வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் இன்று யாரும் முணுமுணுப்பதில்லை.

## குடிலில் இருப்பதும் வேதாகமத்தில் இருப்பதும்

குடில் வைக்கும் வழக்கத்தை 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் பரப்பினார். அவர் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார் என்பது செய்தி. நம் குடில்களின் பொருள்கள் உள்ளூர்ப் பொருள்கள்: கசக்கி வண்ணம் தெளித்த கடதாசியில் பாறை, வைக்கோல் கூரை, கண்ணாடித் துண்டில் குளம். சில வீடுகளில் சிரட்டையில் நெல்லை முளைக்கவைத்துப் புல்வெளியாக வைப்பார்கள். நத்தாருக்கு ஒரு வாரத்துக்கு முன் ஊறப்போட்டால் விரலுயரம் வந்திருக்கும், முந்திப்போட்டால் சாய்ந்துவிடும்.

இவற்றில் பல வேதாகமத்தில் இல்லை. இடையர்களும் தீவனத் தொட்டியும் லூக்காவில் வருகிறார்கள். கிழக்கிலிருந்து வந்தவர்களும் நட்சத்திரமும் மத்தேயுவில். இரண்டு கதைகளையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது குடில்தான். மாடும் கழுதையும் இருவரிடமும் இல்லை. ஏசாயாவின் ஒரு வரியிலிருந்து வந்தவை. வந்தவர்கள் மூவர் என்றோ அரசர்கள் என்றோ மத்தேயு சொல்லவில்லை. மூன்று காணிக்கைகள் என்பதால் மூவர் என்று எண்ணிக்கொண்டார்கள். கத்தோலிக்கரின் பொது மொழிபெயர்ப்பில் அவர்கள் ‘ஞானிகள்’, புரட்டஸ்தாந்தரின் பழைய மொழிபெயர்ப்பில் ‘சாஸ்திரிகள்’, குடில் கட்டும் பையன்களின் வாயில் ‘மூன்று இராசாக்கள்’. குழந்தை கிடந்த இடமும் ஒன்றில் தீவனத் தொட்டி, மற்றதில் முன்னணை. ஒரே ஊரில் இரண்டு கரோல் குழுக்கள் ஒரே காட்சியை இரண்டு தமிழில் பாடுவதைக் கேட்கலாம்.

நத்தார் மரமும் பாப்பாவும் பிந்தி வந்தவர்கள். மரம் ஜெர்மனிய வழக்கம். விக்டோரியா அரச குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் இதழொன்றில் வந்தபின் பிரித்தானியர் வீடுகளில் பரவி, அவர்களோடு இங்கும் வந்தது. ஊசியிலை மரம் கிடைக்காத கடற்கரையில் அந்த வேலையைச் சவுக்குக் கிளை பார்த்தது. அதன்மேல் பனி என்று ஒட்டும் பஞ்சு வாடைக்காற்றில் இரண்டு நாளில் ஈரமாகித் தொங்கும். பாப்பாவின் மூலம் நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியின் மீரா நகரில் இருந்த ஆயர் நிக்கொலாஸ். அவருடைய திருநாள் டிசம்பர் 6. ஒளி விழாக்கள் நடக்கும் அதே வாரம், தற்செயலாகப் பொருந்திவிட்டது.

## மழையில் ஒரு பண்டிகை

சுற்றுலாப் பயணிகள் அறிந்த திருகோணமலை மே முதல் செப்டெம்பர் வரையுள்ளது: அமைதியான கடல், நிலாவெளி, உப்புவெளி. டிசம்பரில் கடல் கலங்கி, வடகீழ்ப் பருவமழை கொட்டும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து பருவத்துக்கு வந்து கரையில் வாடியடித்துத் தங்கும் கத்தோலிக்க மீனவர்கள் மழைக்கு முன்பே வாடியைக் கழற்றிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். நத்தாரன்று எஞ்சியிருப்பது ஊரவர் மட்டும்.

மழை வழக்கங்களையும் மாற்றியிருக்கிறது. மூங்கில் சட்டத்தில் கடதாசி ஒட்டிய நட்சத்திரங்கள் அரிதாகிப் பிளாஸ்டிக் நட்சத்திரங்கள் வந்ததற்கு விலை மட்டும் காரணமல்ல. திறந்த விறாந்தையில் கடதாசி ஓரிரவு தாங்காது.

இதே காலத்தில்தான் திருவெம்பாவையும் வருகிறது. சில ஆண்டுகளில் நத்தாரை ஒட்டியே வந்துவிடும். அப்போது ஒரே தெருவில் இரவு பத்து மணிக்குக் கிட்டாரும் மேளமுமாகக் கரோல் குழு போகும். விடியப்புறம் நான்கு மணிக்குச் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவைக் குழு வரும். இடையில் தூங்கக் கிடைப்பது நாலைந்து மணி நேரம்.

## கேக்கும் தட்டும்

இலங்கை நத்தார்க் கேக்கை ‘ரிச் கேக்’ என்போம். வெளிநாட்டுச் செய்முறைகளில் கோதுமை மா இருக்கும் இடத்தில் இங்கே ரவை. அதோடு கஜு, முந்திரிகை வற்றல், இஞ்சிப்பாகு, சீனிப் பாகில் ஊறிய நீற்றுப்பூசணித் துண்டு, ஏலம், பன்னீர், தேன், நிறைய முட்டை மஞ்சட்கரு. பழங்களை நவம்பரிலேயே நறுக்கிப் பிராந்தியில் ஊறவைப்பார்கள். நறுக்குவது ஒரு நாள் வேலை. குடும்பம் முழுவதும் பாயில் உட்கார்ந்து வெட்டும். வெட்டும் கைகள் தின்னும் அளவையும் கணக்கில் சேர்த்தே சாமான் வாங்க வேண்டும்.

வீட்டில் அவண் இல்லாத காலத்தில் தட்டுகள் பேக்கரிப் போறணைக்குப் போயின. பாண் சுட்டு இறக்கியபின் விறகுப் போறணையின் சூடு மெல்லத் தணிந்துகொண்டே வரும். ரிச் கேக்குக்குத் தேவை அந்தத் தணிந்த, நீண்ட சூடுதான். தட்டின் விளிம்பில் கடதாசித் துண்டில் பெயர் எழுதி ஒட்டுவார்கள். கடதாசி கருகிப்போய் யாருடைய கேக் யாருக்குப் போனது என்ற வழக்குகள் ஜனவரி வரை நீளும். போறணை என்ற சொல்லும் போர்த்துக்கேயம்.

மேலே ஐசிங் அப்பாமல், விரலளவு துண்டுகளாக வெட்டி எண்ணெய்க் கடதாசியில் சுற்றுவதற்குக் காரணம் உண்டு. சீனியும் வற்றல் பழமும் ஈரத்தைத் தம்மோடு பிடித்துவைத்துக்கொள்வதால் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. மதுவும் துணை செய்யும். டிசம்பர் ஈரக்காற்றில் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும் பண்டம் இது. பொரித்த பலகாரங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முறுக்கும் பயற்றம் பணியாரமும் ஆறியதும் பேணியில் இட்டு மூடியை இறுக்காவிட்டால் மறுநாளே நமத்துப்போகும். 25 காலைச் சாப்பாடு பல வீடுகளில் இடியப்பமும் கோழிக்கறியும் சொதியும், மதியம் புரியாணி.

பிறகு தட்டு அனுப்புதல். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பெருந்தொகையாக வாழும் மாவட்டம் இது. எந்த ஒரு சமூகமும் பாதியைத் தாண்டாது. தட்டு அனுப்புவதில் எழுதாத விதிகள் சில உண்டு.

1. முஸ்லிம் வீட்டுக்குப் போகும் கேக்கில் மது இருக்கக்கூடாது. அதற்கென்று ஒரு தட்டு தனியாக, பிராந்தியில் ஊறாத பழத்தோடு சுடப்படும். சில வீடுகள் கேக்கை விட்டுப் பழமும் கடையில் வாங்கிய இனிப்பும் மட்டும் அனுப்பும்.

2. சைவ வீட்டில் விரதம் நடந்தால் முட்டை சேர்ந்தது எதுவும் போகாது. திருவெம்பாவை நத்தாரோடு மோதும் ஆண்டுகளில் அந்தத் தட்டில் பயற்றம் பணியாரமும் முறுக்கும் வாழைப்பழமும்தான். மரக்கறி எண்ணெயில் தனியாகப் பொரித்தது என்பதைக் கொண்டுபோகும் பிள்ளை மறக்காமல் சொல்ல வேண்டும்.

3. தட்டு வெறுமையாகத் திரும்பாது. உடனே ஒன்றும் இல்லையென்றால் ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத் தருவார்கள். கணக்குத் தைப்பொங்கலன்றும் நோன்புப் பெருநாளில் வட்டலப்பமாகவும் தீரும்.

பலரும் ‘நல்லிணக்கம்’ என்று பேசும் பொருள் நடைமுறையில் இப்படித்தான் இருக்கிறது: யாருக்கு எது ஆகாது என்பதை நினைவில் வைத்திருப்பது.

## சபைக்குச் சபை

திருகோணமலைக் கத்தோலிக்க மறைமாவட்டம் 1893இல் தோன்றியது. 2012இல் மட்டக்களப்பு அதிலிருந்து தனியாகப் பிரிந்தது. மேலே சொன்ன குடில், முத்தி, மூன்று பூசைகள் எல்லாம் கத்தோலிக்க வழக்கங்கள். 1639இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தங்கள் ஆட்சிப்பகுதிகளில் தடைசெய்திருந்தனர். அந்த நெருக்கடியைக் கடந்தும் தங்கியவை இவை.

அங்கிலிக்கன் ஆலயங்களில் ஒன்பது வேதபாடங்களும் இடையிடையே கரோல்களுமாக அமைந்த ஆராதனை முக்கியமானது. 1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தொடங்கி, 1918க்குப் பின் கேம்பிரிட்ஜ் வழியாக உலகெங்கும் பரவியது. மெதடிஸ்தர் 1814இல் இலங்கைக்கு வந்தவர்கள். அவர்களிடம் 25 காலை ஆராதனையும் பிரசங்கமும் பாட்டும் முதலிடம் பெறும். சுரூபங்கள் இல்லை.

வேறு சில சபையார் நத்தாரையே அனுசரிப்பதில்லை. வேதாகமத்தில் கட்டளையிடப்படாத நாளைத் திருநாளாக்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். அது இன்று முளைத்த வாதமல்ல. 1647இல் இங்கிலாந்து நாடாளுமன்றமே நத்தாரைத் தடைசெய்தது. ஆகவே ‘இவர்கள் எப்படிக் கிறிஸ்தவர்கள்?’ என்ற கேள்வி பொருந்தாது.

பாலையூற்றுப் பக்கத்தில் வாழும், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயக் கலப்பு மொழியின் மிச்சம் இன்னும் சில முதியவர்கள் நாவில் இருக்கிறது. கஃபிரிஞ்ஞா தாளமும் வயலினும் அவர்களுடைய கொண்டாட்டங்களில் இன்றும் ஒலிக்கின்றன. ‘நத்தால்’ என்ற மூலச்சொல்லைத் திரிக்காமல் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை அவர்களாக இருக்கலாம்.

## 26ஆம் திகதி

திருச்சபை நாட்காட்டியில் டிசம்பர் 26 புனித ஸ்தேவானின் நாள். கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சி. முந்தைய நாள் வெள்ளை உடுத்த குருவானவர் அன்று சிவப்பு உடுப்பார். 28இல் ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் நாள். நத்தார்க் காலத்தின் நடுவில் இரத்தத்தை வைத்திருப்பது பலருக்குத் தெரியாது. கடைகளின் நாட்காட்டி அதற்குள் முடிந்துவிடுகிறதல்லவா.

26 ஞாயிறாக வந்தால் ஸ்தேவான் விலகி, திருக்குடும்பத் திருநாள் அந்த இடத்துக்கு வரும். 2004இல் அப்படித்தான் வந்தது. இயேசு, மரியாள், சூசையப்பர் குடும்பத்தை நினைக்கும் ஞாயிறு. அதோடு பௌர்ணமி விடுமுறை. பண்டிகைக்கு ஊர் வந்த உறவினர்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. அன்று காலைதான் கிழக்குக் கரையில் ஆழிப்பேரலை ஏறியது.

அதிலிருந்து திருகோணமலையின் நத்தாருக்கு மூன்றாவது நாட்காட்டி ஒன்றும் உண்டு. 26 காலை 9.25க்கு நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம். கரையோர ஆலயங்களில் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள். குடும்பம் குடும்பமாக, ஒரே வீட்டுப்பெயரில் மூன்று, நான்கு பேர் என்று பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. நத்தார்க் காலம் முடியாததால் குடில் அங்கேயே இருக்கிறது, விளக்குகளும் எரிகின்றன. மெழுகுதிரி ஏற்ற வருகிறவர்கள் அதன் முன்னால்தான் ஏற்றிவைத்துவிட்டுப் போகிறார்கள்.